வெருளியும் எச்சரிக்கையும்

எச்சரிக்கை என்பது ஓர் அறம். வருகின்ற துன்பத்தை முன்னரே கண்டவன், அதனைக் காணாதவனுக்கு எடுத்துச் சொல்லி விலக்குவதே அதன் பயன். கண்டாவளைப் பகுதி மக்களுக்கு இவ்வறத்தின் அருமையை மற்றொருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் பெருகியபோது, கிளிநொச்சி மாவட்டத்திற் பெரிதும் இடர்ப்பட்ட பிரிவுகளுள் கண்டாவளையும் ஒன்று. நீர் வருமுன் வரும் ஒரு சொல்லின் விலை என்னவென்பதை அன்று வீடு வாசல் விட்டு மேட்டுநிலம் நாடியவர்கள் அறிவர்.

அதற்கும் முன்பு, 2009இல் போர் ஓய்ந்து மக்கள் மீளக் குடியேறிய நாள்களில், ஆனையிறவு, முகமாலைப் பக்கங்களிலே சிவப்பு நிறத்தில் மண்டையோட்டுக் குறியுடன் நின்ற மிதிவெடிப் பலகைகளை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பலகையைக் கண்டு காலைப் பின்வைத்தவன் பிழைத்தான். எழுத்தறியாக் குழந்தையும் அந்தச் சிவப்பு நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது. சிவப்பைக் கண்டால் நில், சொன்னபடி கேள். இது வன்னி மண் தன் மக்களுக்குக் கற்பித்த பாடம்.

இத்தகைய பாடத்தையே மூலதனமாகக் கொண்டு பிழைக்கும் ஒரு கூட்டம் இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. எச்சரிக்கையின் நிறத்தையும் குரலையும் களவாடி, கணினித் திரையிலே போலி அபாய அறிவித்தல் காட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் அது. அதனை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு அகற்றுவது, அதனினும் மேலாக அதற்கு அஞ்சாத உள்ளத்தை எவ்வாறு வளர்ப்பது என்பனவே இங்கு ஆராயத்தக்கன.

நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரே வகையாகவே அமைகின்றது. ஒருவர் இணையத்தில் எதையோ தேடுகின்றார். முகவரியில் ஓர் எழுத்துப் பிழைத்துப்போகின்றது. அல்லது, இலவசமாகத் திரைப்படம் காட்டும் தளமொன்றில் விளம்பரத்தின் மேல் விரல் பட்டுவிடுகின்றது. உடனே திரை முழுவதையும் சிவப்போ நீலமோ மூடிக்கொள்கின்றது. ‘உமது கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது, உமது வங்கிக் கணக்கு விவரங்கள் களவு போகின்றன, கணினியை நிறுத்த வேண்டாம், உடனே இந்த இலக்கத்துக்கு அழையும்’ என்று பெரிய எழுத்துகள் தோன்றுகின்றன. அருகிலே மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சின்னம். சங்கு ஊதுவதுபோன்ற ஓசை. அதனோடு பதிவுசெய்யப்பட்ட ஒரு பெண்குரல் அதே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றது. மூடும் குறியைத் தேடினால் அது காணப்படாது. முந்திய பக்கத்துக்குச் செல்ல முயன்றால் அதே பக்கமே மீண்டும் வருகின்றது.

இஃது என்ன? விடை மிக எளிது: இது வெறும் படம். மற்றெல்லா இணையப் பக்கங்களையும் போல இதுவும் ஓர் இணையப் பக்கமே. அது தன்னை முழுத்திரைக்கு விரித்துக்கொண்டு, உலாவியின் பொத்தான்களை மறைத்து நிற்கின்றது, அவ்வளவுதான். பத்திரிகையிலே நெருப்பின் படம் அச்சிடப்பட்டிருந்தால் தாள் எரிவதில்லை. அதுபோலவே, ‘நச்சுநிரல்’ என்று ஒரு பக்கம் எழுதிக் காட்டுவதால் கணினியில் நச்சுநிரல் இருப்பதாகிவிடாது. எங்கோ இருக்கும் ஓர் இணையப் பக்கம் உமது கணினியின் உள்ளே புகுந்து ஆராய்ந்து நோய் கண்டு சொல்வது நடக்கிற காரியமன்று.

நம் வயல்களிலே வெருளி கட்டுகின்றோம். பழைய சட்டையும் சட்டித் தலையுமாக நிற்கும் அந்த உருவத்துக்கு உயிரில்லை. ‘வெரு’ என்றால் அச்சம். ஆள்வோர் குடிகள் அஞ்சத்தக்க செயல்களைச் செய்யலாகாது என்பதற்கென்றே வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என 57ஆம் அதிகாரத்தை வகுத்தார். திரையில் நிற்கும் இப்போலியும் ஒரு வெருளியே. ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வயல் வெருளி வருகிற பறவையைத் துரத்துகின்றது. திரை வெருளியோ அஞ்சியவனைத் தன்பால் அழைக்கின்றது. அதன் கையில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கின்றது. அந்த இலக்கத்தின் மறுமுனையில் உயிருள்ள மனிதன் காத்திருக்கின்றான். தீங்கு தொடங்குமிடம் அதுவே.

அழைத்தவருக்கு என்ன நேர்கின்றது? கணினித் தொழினுட்பவியலாளன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒருவன் மிகுந்த பணிவுடன் பேசுகின்றான். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்கின்றான். இவை நேர்மையான தொழிலுக்கென ஆக்கப்பட்ட கருவிகள். கள்ளன் கையில் அவையே வீட்டுத் திறப்பாகின்றன. உள்ளே புகுந்தவன் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து காட்டுகின்றான். அங்கே சிவப்புக் குறிகளும் மஞ்சட் குறிகளும் நூற்றுக்கணக்கில் இருக்கும். குறையேதுமில்லாத கணினியிலும் அவை இருக்கும். சிறு சிறு தடங்கல்களைக் கணினி தன்பாட்டிற் குறித்துவைக்கும் நாட்குறிப்பு அது. அதை அறியாதவரிடம், ‘இவையெல்லாம் நோயின் அறிகுறிகள்’ என்கின்றான். பின்னர் திருத்தக் கூலி கேட்கின்றான்; வங்கிக் கணக்கைத் திறந்து காட்டச் சொல்கின்றான்; அல்லது கடைகளில் விற்கும் பரிசு அட்டைகளை வாங்கி அவற்றின் இலக்கங்களைத் தொலைபேசியிற் படிக்கச் செய்கின்றான். அவ்வாறு கொடுத்த பணத்தை மீட்பது மிக அரிது.

இது சில்லறைக் களவு என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிறுவனத்துக்கு 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இவ்வகை மோசடி பற்றி 37,500க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்தன. இழந்ததாகச் சொல்லப்பட்ட தொகை 92 கோடி டொலருக்கும் அதிகம். முறைப்பாடு செய்யாதவர் தொகையை யாரறிவார்? 2021இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 16 நாடுகளில் நடத்திய ஆய்விலே, ஐவரில் மூவர் முந்திய ஓராண்டுக்குள் இத்தகைய வலையை ஏதேனும் ஒரு வடிவத்தில் எதிர்கொண்டதாகக் கூறினர்.

இக்களவின் ஒரு முனை நம் அயலிலேயே இருக்கின்றது என்பது வருந்தத்தக்கது. 2023 ஒக்டோபரில் இந்திய மத்திய புலனாய்வுப் பணியகம் ‘ஒப்பரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் 76 இடங்களிற் சோதனை நடத்தியது. மைக்ரோசொப்ட், அமேசன் நிறுவனங்களின் பெயரைச் சொல்லி வெளிநாட்டினரை ஏமாற்றிய அழைப்பு நிலையங்களும் அதில் அகப்பட்டன. நம் நாட்டிலும், 2024 ஜூன் மாதத்தில் மடிவெல, பத்தரமுல்லை, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் இணையவழிப் பணமோசடி தொடர்பாக இந்தியர் பலர் கைதுசெய்யப்பட்டனர். இது வேறு வகை மோசடியெனினும், வாடகை வீடொன்றும் சில கணினிகளும் இருந்தால் எந்த ஊரும் இத்தொழிலுக்குக் களமாகலாம் என்பதை உணர்த்துகின்றது. ஆங்கிலம் நன்கு கற்று, வேலை தேடி அலையும் இளைஞன் ஒருவன், தன் பாட்டன் வயதுடைய ஒருவரைத் தொலைபேசியில் வெருட்டிச் சம்பளம் பெறுகின்றான். கல்வி கற்பிக்கும் நாம் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, உண்மை எச்சரிக்கையையும் போலியையும் பிரித்தறியும் வழி யாது? கணினி நூலெதுவும் கல்லாதவரும் கைக்கொள்ளத்தக்க உரைகல் ஒன்றைக் கூறலாம். உண்மை எச்சரிக்கை நம்மை ஆபத்திலிருந்து அகலச் சொல்லும். நம்மிடம் ஒன்றும் கேளாது. போலி எச்சரிக்கை நம்மை அகலவிடாது, அருகே அழைக்கும், ஏதேனும் ஒன்று கேட்கும். மிதிவெடிப் பலகை ‘மிதியாதே, திரும்பிப் போ’ என்றது. வெள்ள எச்சரிக்கை ‘மேட்டுக்குச் செல்’ என்றது. இரண்டும் பணம் கேட்டதில்லை. ‘யாருக்கும் சொல்லாதே’ என்றதில்லை. மாறாக, ‘அயலவருக்கும் சொல்’ என்றே அவை கூறின. திரை வெருளி என்ன சொல்கின்றது? ‘நிறுத்தாதே, மூடாதே, விலகாதே, எம்மை அழை, பணம் கொடு, வங்கியில் யாரேனும் கேட்டால் உண்மையைச் சொல்லாதே’ என்கின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொய்யின் முகம் தானே வெளிப்படும்.

இவ்வுரைகல் கணினிக்குள்ளேயே மெய்ப்படுவதைக் காணலாம். தீங்கான தளமொன்றுக்குச் செல்ல முற்படும்போது கூகுள் குரோம் உலாவியும் ஒரு சிவப்புப் பக்கத்தைக் காட்டும். அது மெய்யான எச்சரிக்கை. அதிலே தொலைபேசி இலக்கம் இராது. பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பிச் செல்வதற்கான பொத்தானே இருக்கும். தனது எச்சரிக்கைச் செய்திகளில் ஒருபோதும் தொலைபேசி இலக்கம் இடம்பெறாது என்று மைக்ரோசொப்ட் நிறுவனமும் வெளிப்படையாக அறிவித்துள்ளது. ஆகவே, இலக்கத்தைக் கண்டவுடன் பொய்யென்று துணியலாம்.

அகற்றும் முறையும் இதிலிருந்தே பிறக்கின்றது. விலகாதே என்று அது சொல்வதால் விலகுவதே மருந்து. முதலில், பக்கத்திலுள்ள எதையும் அழுத்தாதிருத்தல் வேண்டும். ‘மூடு’ என்று அது காட்டும் பொத்தானும் பொய்யாக இருக்கலாம். விசைப்பலகையின் இடப்புற மேல் மூலையிலுள்ள எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலும் முழுத்திரை சுருங்கி உலாவியின் மூடும் குறி வெளிப்படும். அதற்கு மசியாவிடின், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே எஃப் 4 விசையை அழுத்தலாம். அதுவும் பயன்படாவிடின், கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்த, டாஸ்க் மனேஜர் என்னும் பட்டியல் தோன்றும். அதில் உலாவியின் பெயரைத் தெரிந்து, ‘எண்ட் டாஸ்க்’ என்பதை அழுத்தினால் வெருளி விழுந்துவிடும். ஒன்றும் கைகொடாதபோது, மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துக் கணினியையே நிறுத்திவிடலாம். சேமியாத வேலை சில வரிகள் இழக்கப்படலாம், வேறு கேடில்லை. மீண்டும் உலாவியைத் திறக்கும்போது, ‘முன்பிருந்த பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்டால் வேண்டாமென்று மறுத்தல் வேண்டும்.

சிலருக்கு அத்துடன் தொல்லை தீர்வதில்லை. திரையின் மூலையிலே அதே வகை அபாயச் செய்திகள் நாள்தோறும் தோன்றிக்கொண்டிருக்கும். முன்னொரு நாள் ஏதோவொரு தளம் அறிவிப்புகள் அனுப்ப அனுமதி கேட்டபோது, படியாமலே ‘அனுமதி’ என்று அழுத்தியதன் விளைவு அது. உலாவியின் அமைப்புகளுக்குட் சென்று, அறிவிப்புகள் என்னும் பகுதியில் அறிமுகமில்லாத தளங்களின் பெயர்களை நீக்கினால் அவை ஓயும். உலாவியுடன் ஒட்டிக்கொண்டுள்ள, நாம் சேர்த்ததாக நினைவில்லாத நீட்சிகளையும், கணினியில் நிறுவப்பட்டுள்ள இனந்தெரியாத மென்பொருள்களையும் அகற்றுதல் நன்று. இறுதியாக, விண்டோஸுடன் இலவசமாகவே வரும் டிஃபெண்டர் என்னும் காவல் மென்பொருளைக் கொண்டு கணினி முழுவதையும் ஒருமுறை சோதித்துவிடலாம். இதற்கெனக் காசு கொடுத்து வேறொன்று வாங்கத் தேவையில்லை.

ஏற்கெனவே அழைத்து, அந்நியனைக் கணினிக்குள் விட்டுவிட்டவர் செய்யவேண்டியது வேறு. முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்தல். பின்னர் அவன் நிறுவச் சொன்ன மென்பொருளை நீக்குதல். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுதல். தாமதியாமல் வங்கிக்கு அறிவித்தல். இந்நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. கணினி இடர்களுக்கு உதவுவதற்கென 2006இல் அமைக்கப்பட்ட சேர்ட் நிறுவனமும் உண்டு. பொலிஸிலும் முறைப்பாடு செய்யலாம்.

‘கண்டாவளையில் நெல் விதைப்பவனுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் இதனால் என்ன? இது செல்வர்களின் நோயன்றோ?’ என்று சிலர் வினவக்கூடும். இவ்வினா பொருத்தமற்றது. பரந்தனிலும் தருமபுரத்திலும் முரசுமோட்டையிலும் கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. அதன் சிறு திரையிலும் இதே வெருளி தோன்றுகின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பழைய மடிக்கணினி பல வீடுகளிலே மாணவரின் மேசைமேல் இருக்கின்றது. அன்றியும், இக்கூட்டத்தார் முதன்மையாகக் குறிவைப்பது அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வாழ்வோரை. நம் ஊரவர் எத்தனை பேர் அந்நாடுகளில் முதுமை எய்தித் தனித்திருக்கின்றனர்! ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள பெரியம்மாவின் திரையில் சிவப்புப் பக்கம் தோன்றும்போது, ‘பெரியம்மா, அது வெறும் படம், பயப்படாதையுங்கோ, எஸ்கேப்பை அமத்திப் பிடியுங்கோ’ என்று கண்டாவளையிலுள்ள பெறாமகளால் தொலைபேசியிற் சொல்ல முடியுமானால், அதனினும் பெரிய உதவி வேறென்ன?

‘அப்படியாயின் பிள்ளைகளைக் கணினியின் பக்கமே விடாதிருப்பது நன்று’ என்பாரும் உளர். வெள்ளம் வருமென்று வயலை விட்டோடிய உழவன் இவ்வூரிலே இல்லை. ஆபத்தை அறிந்து அதனோடு வாழப் பழகுவதே கல்வி. மேலும், இளைஞர் இவ்வலையில் வீழார் என்பதும் தவறு. மேலே சுட்டிய 2021ஆம் ஆண்டின் ஆய்வு, முதியவர்களைப் போலவே இளையோரும் பணம் இழப்பதைக் காட்டிற்று. கணினியோடு பழகியிருத்தல் வேறு. கணினியை அறிந்திருத்தல் வேறு.

இங்கேதான் மொழியின் கேள்வி எழுகின்றது. நம்மவர் பலர் கணினியை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, அது கேட்கும் ஒவ்வொன்றையும் பொருளறியாமல் அழுத்திப் பழகிவிட்டனர். புரியாத மொழியில் வருகிற பெட்டி எதுவாயினும் அது ஒரு கட்டளை. அதற்குப் பணிவதே வழி என்னும் மனநிலை வேரூன்றிவிட்டது. அலுவலகப் படிவங்களின் முன் நெடுங்காலமாக நாம் நின்ற நிலையும் அதுவே. மெய் எச்சரிக்கையையும் பொய் எச்சரிக்கையையும் ஒருசேரப் படிக்க முடியாதவனுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸையும் உலாவியையும் தமிழிலேயே வைத்துக்கொள்ள வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே. கணினி வழக்கமாகப் பேசும் மொழி தமிழானால், திடீரென ஆங்கிலத்தில் அலறும் பக்கம் அந்நியமானதென்று உடனே தெரிந்துவிடும் என்பது இதிலுள்ள இன்னொரு நன்மை.

பாடசாலைகளிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. கணினியின் உறுப்புகளின் பெயர்களும் இரும எண்களும் மனனம் செய்யப்படுகின்றன. அவை வேண்டியனவே. ஆயினும், ஒரு பாடவேளையை ஒதுக்கி, இத்தகைய பக்கத்தின் படமொன்றைச் சுவரிற் காட்டி, ‘இதில் எது பொய்? எப்படி அறிந்தாய்?’ என்று மாணவரை வினவுவதற்குப் பரீட்சை தடையாகலாகாது. மிதிவெடி அபாயக் கல்வியை ஒரு காலத்தில் நம் பாடசாலைகள் அவ்வாறுதான் கற்பித்தன. படங்கள் காட்டி, பலகைகளை அறிமுகப்படுத்தி, வீட்டிலுள்ளோருக்கும் சொல்லுமாறு பிள்ளைகளை அனுப்பின. அந்த முறை உயிர்களைக் காத்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. அங்குள்ள மாணவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டாவளைச் சனசமூக நிலையமொன்றுக்கு வந்து முதியோருடன் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். கற்றவர் கல்லாதவர்க்குச் செய்யும் கடன் அது.

இன்னொன்று. ஏமாற்றப்பட்டவரை இகழும் வழக்கத்தை நாம் விட்டொழித்தல் வேண்டும். ‘இவ்வளவு படித்தும் ஏமாந்தாயே’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே பலர் இழப்பை மறைக்கின்றனர். மறைத்ததனால் வங்கிக்கு அறிவிக்கும் பொழுது தப்பிவிடுகின்றது. அயலவர்க்கு எச்சரிக்கை கிடையாமற் போகின்றது. கள்ளனோ அடுத்த வீட்டுக்குச் செல்கின்றான். வெருட்டியவனே குற்றவாளி, வெருண்டவர் அல்லர். அதிலும், எச்சரிக்கையை மதித்தே உயிர் தப்பிய மக்கள் ஒரு சிவப்புத் திரையைக் கண்டு நடுங்கினால் அதனைப் பேதைமை என்று எவ்வாறு சொல்வது? அவர்களுடைய அனுபவம் கற்பித்த நல்ல பழக்கத்தையன்றோ கள்ளன் பயன்படுத்திக்கொண்டான்?

இக்களவிலே பணத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பொய் எச்சரிக்கை பலகால் வந்தால் மெய் எச்சரிக்கையின் மேலுள்ள நம்பிக்கையும் தேய்ந்துபோகும். மழைக்காலம் ஆண்டுதோறும் வரும். இரணைமடுவின் கதவுகள் இன்னும் பலமுறை திறக்கப்படும். அப்பொழுது கைத்தொலைபேசியில் வரும் செய்தியை, ‘இதுவும் ஏதோ ஏமாற்று’ என்று ஒருவர் தள்ளிவிட்டால், அதன் விலையை எந்த வங்கியாலும் திருப்பித் தர இயலாது. ஆகவே, எல்லாவற்றையும் ஐயுறுமாறு மக்களுக்குச் சொல்வது தீர்வாகாது. எதனை நம்புவது, எதனை நம்பாது விடுவது என்று ஆராயும் ஆற்றலை அவர்களுக்கு அளித்தல் வேண்டும். அவ்வாற்றலைத் தமிழிலேயே, எளிய சொற்களிலேயே, இன்றே அளிக்கத் தொடங்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பணியாகும்.